கேரேஜில் ஒரு தச்சுப்பட்டறை: முதல் ரம்பத்திலிருந்து முதல் வேலைமேசை வரை

வீட்டுக் கேரேஜில் மரவேலை செய்ய விரும்புபவர்களில் பலர் இயந்திரங்களை வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), ரௌட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் குடையும் இயந்திரம்), பட்டைத் தேய்ப்பான் என்று வரிசையாக வந்து சேர்ந்த பிறகும், செய்த பெட்டியின் மூலை ஒட்டாமல் நிற்பதையும் மேசையின் ஒரு கால் ஆடுவதையும் பார்த்துத் திகைக்கிறார்கள். கோணலான கோட்டின் மேல் எவ்வளவு நல்ல இயந்திரத்தை ஓட்டினாலும் வெட்டு கோணலாகத்தான் வரும். ஆகையால் இந்த வழிகாட்டி இடம், கூர், கோடு, வேலைமேசை என்ற வரிசையில் சென்று, அதன் பிறகே இயந்திரத்திற்கு வருகிறது. இந்த வரிசையில் சென்றால் செலவு குறையும் என்பது ஒருபுறமிருக்க, எந்த இயந்திரம் உண்மையிலேயே தேவை என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

இடத்தைத் தயார் செய்தல்

கேரேஜின் தரை பெரும்பாலும் சமதளமாக இருக்காது. உள்ளே சேரும் தண்ணீர் வெளியே ஓடுவதற்காக அதைக் கதவுப் பக்கம் சற்றே சரித்துக் கட்டியிருப்பார்கள். வேலைமேசையை வைக்கப்போகும் இடத்தில் நீளமான நேர்க்கட்டை ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்துச் சரிவு எவ்வளவு என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கால்களுக்கு அடியில் ஆப்பு வைப்பதா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாதங்களைப் பொருத்துவதா என்று முடிவு செய்ய அந்த அளவு உதவும்.

கான்கிரீட் தரை ஈரத்தை மேலே விடும் இயல்புடையது. பலகைகளைத் தரையில் நேரடியாகக் கிடத்தினால் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிய, மேல்பக்கம் காய்ந்தபடியே இருக்க, சில வாரங்களில் பலகை வளைந்துவிடும். தரைக்கு மேல் குறுக்குக்கட்டைகள் போட்டோ சுவரில் தாங்கிகள் அடித்தோ அவற்றைக் காற்றோட்டமாக அடுக்கவேண்டும். அதே ஈரம் உளியையும் இழைப்புளியையும் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது.

வெளிச்சத்தில் சிக்கனம் பார்க்கவேண்டாம். தலைக்கு மேல் ஒரே விளக்கு இருந்தால் உங்கள் நிழலே கோட்டின்மேல் விழும். இரண்டு பக்கங்களிலிருந்தும் ஒளி வந்தால்தான் கத்தி கிழித்த மெல்லிய கோடு கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பட்டறைக்குச் செல்லும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருக்கவேண்டும். நீட்டிப்பு ஒயரைச் சுருளிலிருந்து முழுவதுமாகப் பிரித்த பிறகே கனமான இயந்திரத்தை அதில் இணைக்கவேண்டும். சுற்றியபடியே விட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி ஒயரின் உறை உருகக்கூடும்.

கேரேஜில் காரும் நிற்கும், பெட்ரோல் டப்பாவும் இருக்கும், சில வீடுகளில் எரிவாயு வெந்நீர்க் கருவியும் அங்கேயே இருக்கும். அனல் அல்லது தீப்பொறி உள்ள எதற்கும் அருகில் மரத்தூளைக் கிளப்பவோ வார்னிஷைத் திறக்கவோ கூடாது. பெரிய கதவைத் திறந்து வைத்து வேலை செய்யும் வசதி கேரேஜில் மட்டுமே உண்டு. அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கண், காது, மூச்சு

புதியவர்கள் விரலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; தூசியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழும் சீவலைவிட, காற்றில் மிதந்து நெடுநேரம் நிற்கும் நுண்தூளே நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. தேய்க்கும்போதும் இயந்திரத்தால் அறுக்கும்போதும் என்95 தர முகக்கவசம் அணிவதோடு, இயந்திரத்தை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அதைக் கழற்றாமல் இருக்கவேண்டும்.

கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம் ஏறத்தாழ 100 டெசிபல் ஒலி எழுப்பும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியில் 8 மணிநேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். காதடைப்பானைக் கண்ணாடியோடு சேர்த்து ஒரே ஆணியில் மாட்டி வையுங்கள். ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றும் கைக்கு வரும்.

கையுறை பாதுகாப்பானது என்ற எண்ணம் சுழலும் இயந்திரங்களின் அருகில் தலைகீழாகிவிடும். டிரில்லோ ரம்பமோ கையுறையின் நூலைப் பற்றினால் கையையே உள்ளே இழுத்துவிடும். தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி, விரித்த கூந்தல் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். கரடுமுரடான பலகைகளைத் தூக்கி இறக்கும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்கவேண்டிய கருவிகள்

தொடக்கத்துக்குத் தேவையான பட்டியல் சிறியது: நல்ல மூலைமட்டம், எஃகு அளவுகோல், கோடு கிழிக்கும் கத்தி, இணைகோடு கிழிக்கும் கட்டை, கைரம்பம், 6, 12, 25 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று உளிகள், கொட்டாப்புளி, ஒரு நடுத்தர இழைப்புளி, தீட்டுக்கற்கள், பேட்டரி டிரில், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் குறைந்தது ஆறு. இவற்றில் மூலைமட்டத்துக்கும் தீட்டுக்கற்களுக்கும் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. மற்றவை நடுத்தரமாக இருந்தாலும் வேலை ஓடும். பழைய இழைப்புளி கிடைத்தால் துருவைத் தேய்த்து எடுத்துப் பயன்படுத்தலாம்; புதிதாக வாங்கிய மலிவானதைவிட அது பெரும்பாலும் மேலானதாக இருக்கும்.

வாங்கும் இடத்திலேயே மூலைமட்டத்தைச் சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தின் கட்டையைப் பதித்து ஒரு மெல்லிய கோடு இழுக்கவேண்டும். பிறகு மட்டத்தை மறுபுறம் புரட்டி, அதே விளிம்பில் பதித்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுக்கவேண்டும். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரியானது. மேலே போகப்போக அவை விலகினால், விலகிய தூரத்தில் பாதிதான் மட்டத்தின் உண்மையான பிழை. புரட்டும்போது அது இரட்டிப்பாகத் தெரிகிறது.

கைரம்பங்களில் தள்ளும்போது அறுப்பவையும் உண்டு, ஜப்பானிய முறையில் இழுக்கும்போது அறுப்பவையும் உண்டு. இழுக்கும் ரம்பத்தின் தகடு மெல்லியதாக இருப்பதால் வெட்டு குறுகலாகவும் சுத்தமாகவும் வரும். புதியவர் கைக்கு அது எளிதில் படிந்துவிடும். ஆனால் பற்கள் ஒடிந்தால் நீங்களாகக் கூர் தீட்டுவது கடினம், தகட்டையே மாற்றவேண்டியிருக்கும்.

கூர்

கடையிலிருந்து வரும் உளி, வேலைக்குத் தயாரான உளி அல்ல. அதன் முதுகுப்புறம், அதாவது சரிவில்லாத தட்டையான பக்கம், நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்காவது கண்ணாடி போல் சமமாகும்வரை கல்லில் தேய்க்கவேண்டும். இதை ஒவ்வோர் உளிக்கும் ஒருமுறை செய்தால் போதும். சரிவுப் பக்கம் பெரும்பாலும் 25 பாகைக் கோணத்தில் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். வெட்டும் நுனியில் மட்டும் 30 பாகைக்கு ஒரு சிறு சரிவு கொடுத்தால் விளிம்பு நெடுநாள் தாங்கும், அடுத்தடுத்த தீட்டலும் விரைவாக முடியும்.

1000 நெம்பர் கல்லில் தொடங்குங்கள்; நெம்பர் கூடக்கூடக் கல் நுண்ணியதாகும். உளியை நிலையான கோணத்தில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தும்போது, சிறிது நேரத்தில் முதுகுப்புற விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். விரலை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக இழுத்தால் அது நகத்தில் தட்டும். அந்தப் பிசிறு விளிம்பின் முழு அகலத்துக்கும் வரும்வரை அடுத்த கல்லுக்குப் போகக்கூடாது. கூர் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அவசரம்தான். பிறகு 4000 அல்லது 8000 நெம்பர் கல்லில் சில இழுப்புகள், முதுகைத் தட்டையாக வைத்து ஓர் இழுப்பு, மீண்டும் சரிவுப் பக்கம் ஓர் இழுப்பு என்று மாற்றி மாற்றிச் செய்தால் பிசிறு உதிர்ந்துவிடும். மென்மரத் துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தை, அதாவது நார்கள் முடியும் குறுக்குமுகத்தை, கைவிசையால் மட்டும் சீவிப் பாருங்கள். முகம் பளபளப்பாக வந்தால் கூர் சரி. தூளாக உதிர்ந்தாலோ நார்கள் நசுங்கினாலோ இன்னும் தீட்டவேண்டும்.

மொண்ணையான உளிதான் அபாயமானது. அதைத் தள்ள அதிக விசை தேவைப்படும், அந்த விசை திடீரென்று வழுக்கிக் கைக்கு வரும். உளி எவ்வளவு கூராக இருந்தாலும் அதன் பாதையில் மறுகை இருக்கக்கூடாது. மரத்தைக் கிளாம்பில் பிடித்துவிட்டு இரண்டு கைகளையும் உளிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளவேண்டும்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வேலைகளுக்குப் பைன் போன்ற மென்மரமும் பிளைவுட்டும் போதுமானவை. தேக்கில் கைவைக்கும் ஆசையைச் சிறிது காலம் ஒத்திப்போடுங்கள். தவறிய ஒரு வெட்டு அங்கே அதிகம் வலிக்கும். பலகையை வாங்கும்போது ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மறுமுனைவரை ஓட்டிப் பார்க்கவேண்டும். நீளவாக்கில் வில்லாக வளைந்திருந்தால் குட்டையான துண்டுகளுக்குப் பயன்படும். ஆனால் முறுக்கிக்கொண்டிருப்பதை எடுக்கவே கூடாது, அதை நேராக்க மரத்தில் பாதி இழைப்பிலேயே போய்விடும். உதிர்ந்துவிடக்கூடிய கருப்பு வளையமுள்ள கணுக்களையும், மரத்தின் மையமான நடுத்தண்டு உள்ளே தெரியும் பலகைகளையும் தவிர்க்கலாம். நடுத்தண்டைச் சுற்றித்தான் வெடிப்பு முதலில் ஓடும்.

கடையில் சொல்லும் அளவும் கையில் வரும் அளவும் ஒன்றல்ல. வட அமெரிக்கக் கடைகளில் இரண்டுக்கு நான்கு என்று விற்கப்படும் கட்டை, உலர்த்தி இழைத்த பிறகு 38 × 89 மில்லிமீட்டர்தான் இருக்கும். எனவே எந்த வரைபடத்தையும் பின்பற்றும் முன் கட்டையை அளந்து, வரைபடத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். வாங்கி வந்த மரத்தை உடனே அறுக்காமல், குறுக்குக்குச்சிகள் வைத்து அடுக்கி, ஓரிரு வாரம் பட்டறைக் காற்றுக்குப் பழகவிடுவது நல்லது.

அளவும் கோடும்

எல்லா அளவையும் ஒரே முகத்திலிருந்தும் ஒரே விளிம்பிலிருந்தும் எடுப்பது தச்சுவேலையின் அடிப்படை. பலகையின் ஒரு முகத்தைச் சமமாக இழைத்து, அதற்குச் செங்குத்தாக ஒரு விளிம்பை இழைத்து, அந்த இரண்டிலும் பென்சிலால் அடையாளமிடுங்கள். அதற்குப் பின் மூலைமட்டமும் இணைகோடு கிழிக்கும் கட்டையும் அந்த அடையாளமிட்ட பக்கங்களில் மட்டுமே பதியவேண்டும். மற்ற இரண்டு பக்கங்கள் சற்றே கோணலாக இருந்தாலும் இணைப்புகள் சரியாகவே வரும்.

பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. அறுக்கும்போது அதன் எந்தப் பக்கத்தில் அறுப்பது என்ற குழப்பம் எழும். கத்தியால் கிழித்த கோட்டில் அந்தக் குழப்பம் இல்லை. மேலும் அது மேற்பரப்பு நார்களை முன்கூட்டியே அறுத்துவிடுவதால் ரம்பம் சிராய் கிளப்பாது. கத்திக்கோட்டின் கழிவுப் பக்கத்தில் உளியால் ஒரு மெல்லிய சரிவைச் சீவி எடுத்தால் சிறு பள்ளம் கிடைக்கும். ரம்பத்தின் பற்கள் அதில் தாமாக உட்கார்ந்துவிடும். அங்கிருந்து நீண்ட, அவசரமில்லாத இழுப்புகளால் அறுக்கவேண்டும். இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்தால் புதியவரின் வெட்டு உடனே நேராகிவிடும்.

ரம்பம் தின்னும் அகலத்தைக் கணக்கில் சேர்க்க மறக்கவேண்டாம். கைரம்பம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும், டேபிள் சாவின் வழக்கமான தகடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும் மரத்தைத் தூளாக்கும். 2400 மில்லிமீட்டர் பலகையிலிருந்து 600 வீதம் நான்கு துண்டுகள் வரும் என்பது காகிதக் கணக்கு. மூன்று வெட்டுகளில் 9 மில்லிமீட்டர் போய்விடுவதால் கடைசித் துண்டு 591தான் இருக்கும். ஒரே நீளத்தில் பல துண்டுகள் தேவைப்படும்போது ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளப்பதைவிட, தடைக்கட்டை ஒன்றைப் பொருத்தி எல்லாவற்றையும் அதில் இடித்து அறுப்பதே மேல். நீளம் ஓரிழை கூடினாலும் குறைந்தாலும், எல்லாம் சமமாக இருந்தால் சட்டம் கோணாது.

முதல் கட்டுமானம்: வேலைமேசை

முதல் வேலையாக வேலைமேசையைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், மரத்தை அசையாமல் பிடிக்க இடமில்லாத பட்டறையில் மேற்சொன்ன எதையும் சரியாகச் செய்யமுடியாது. தவிர, இங்கே சிறு கோணல் வந்தாலும் வீட்டின் கூடத்தில் அதைக் காட்சிக்கு வைக்கப்போவதில்லை.

கீழே உள்ள அளவுகள் 45 × 90 மில்லிமீட்டர் கட்டைக்கானவை. உங்கள் கட்டை வேறு அளவானால் பொருந்துமிடங்களைத் திருத்திக்கொள்ளவேண்டும். மேசையின் உயரம் 880 மில்லிமீட்டர். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதையொட்டி உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். கையால் அதிகம் இழைப்பவர்களுக்குச் சற்றுத் தாழ்வாக இருப்பது வசதி. மேற்பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டியது. ஆகவே கால்களின் நீளம் 844.

ஒவ்வொரு காலும் இரண்டு அடுக்கு. உள்ளடுக்கு 844 நீளமுள்ள ஒரே துண்டு. வெளியடுக்கில் தரையிலிருந்து 150 நீளத் துண்டு ஒன்று, அதன்மேல் 90 இடைவெளி, பிறகு 514 நீளத் துண்டு, உச்சியில் மீண்டும் 90 இடைவெளி. இந்த இடைவெளிகளில்தான் நீள விட்டங்கள் உட்காரும். உளியால் பள்ளம் வெட்டாமலே, எடை மரத்தின் தோளில் இறங்கும் உறுதியான இணைப்பு இப்படிக் கிடைத்துவிடுகிறது. 844 துண்டுகள் நான்கு, 150 துண்டுகள் நான்கு, 514 துண்டுகள் நான்கு, 1300 நீள விட்டங்கள் நான்கு, 560 குறுக்கு விட்டங்கள் நான்கு என்று கூட்டினால் ஏறத்தாழ 13.5 மீட்டர் வரும். கழிவுக்கும் சேர்த்து 15 மீட்டராவது வாங்குங்கள்.

முதலில் கால்களின் அடுக்குகளை ஒட்டவேண்டும். இரண்டு முகங்களிலும் வெள்ளை மரப்பசையை மெல்லியதாகப் பரப்பி, விட்டத்தின் ஒரு துண்டை இடைவெளியில் தற்காலிகமாகச் செருகி அளவைச் சரிபார்த்து, கிளாம்பை இறுக்குங்கள். விளிம்பு நெடுகிலும் பசை சிறு முத்துகளாகப் பிதுங்கினால் அழுத்தம் போதும். வழிந்தோடினால் பசை அதிகம். பசை இறுகும் முன் செருகிய துண்டை எடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் அதுவும் காலோடு ஒட்டிவிடும். ஒரு மணிநேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம் என்றாலும், முழு வலிமை வர 24 மணிநேரம் ஆகும்.

அடுத்து முன்சட்டம். இரண்டு கால்களைத் தரையில் கிடத்தி, மேலும் கீழும் உள்ள இடைவெளிகளில் 1300 விட்டங்களைப் பதியுங்கள். பசை தடவும் முன் ஒருமுறை பசையில்லாமல் முழுச் சட்டத்தையும் பூட்டிப் பார்ப்பது கட்டாயம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இருந்தால்தான் சட்டம் செவ்வகம். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளுக்கு இடையே கிளாம்பை வைத்து மெதுவாக நெருக்கவேண்டும். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் பசையோடு 80 மில்லிமீட்டர் திருகாணிகள் இரண்டு போதும். திருகாணிக்கு முன்துளை இடாமல் நேரடியாக ஏற்றினால் முனைக்கு அருகில் மரம் பிளக்கும். மரைகளுக்கு நடுவிலுள்ள தண்டின் தடிமனே முன்துளையின் அளவு. இதேபோல் பின்சட்டம்.

இரண்டு சட்டங்களையும் நிறுத்தி, அவற்றின் வெளிமுகங்களுக்கு இடையே 560 வருமாறு வைத்து, கால்களின் வெளிப் பக்கவாட்டில் குறுக்கு விட்டங்களைப் பொருத்தவேண்டும். நீள விட்டங்களின் அதே உயரத்தில் இவை வரக்கூடாது. வந்தால் போல்ட்டும் திருகாணியும் உள்ளே மோதும். கீழ்க்குறுக்கு விட்டத்தைக் கீழ் நீள விட்டத்துக்கு உடனடி மேலேயும், மேல்குறுக்கு விட்டத்தை மேல் நீள விட்டத்துக்கு உடனடிக் கீழேயும் வையுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் 10 மில்லிமீட்டர் தடிமனும் 150 நீளமுமுள்ள போல்ட்டுகள் இரண்டு, எதிரெதிர் மூலைகளில். இங்கே பசை வேண்டாம். போல்ட்டைக் கழற்றினால் மேசை பிரிந்து கதவு வழியாக வெளியே போகும். மேலிருந்து பார்க்கும்போது 1300க்கு 560 உள்ள இந்தச் சட்டத்தின் மூலைவிட்டம் 1415.5 மில்லிமீட்டர் வரவேண்டும்.

2440 × 1220 அளவுள்ள ஒரு பிளைவுட் தாளில் 1500 × 600 துண்டுகள் இரண்டு பக்கம்பக்கமாக வரும். மீதியில் கீழ் விட்டங்களின்மேல் கிடத்த 1120 × 560 தட்டு ஒன்றும், சுவரில் கருவி மாட்ட ஒரு பலகையும் கிடைக்கும். மேற்பலகைத் துண்டுகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடிப்புறத்திலிருந்து 30 மில்லிமீட்டர் திருகாணிகளை நெருக்கமாக ஏற்றினால் அவையே கிளாம்பின் வேலையைச் செய்யும். காய்ந்ததும் அவற்றை எடுத்துவிடலாம். மேற்பலகையின் முன்விளிம்பு கால்களின் முன்முகத்தோடு சமமாக நிற்கட்டும். நீளப் பலகையை நிமிர்த்தி, காலோடும் விட்டத்தோடும் சேர்த்துக் கிளாம்ப் போட அது வசதி. பின்னால் 40 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். விட்டங்களில் இறக்கும் திருகாணிகளின் தலையை மேற்பரப்புக்கு 5 மில்லிமீட்டர் கீழே புதைக்கவேண்டும், உளியோ இழைப்புளியோ அதில் உரசிவிடாமல் இருக்க.

மரம் அசையும்

வேலைமேசைக்குப் பிளைவுட்டைத் தேர்ந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. பிளைவுட்டில் அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் அது அதிகம் விரிந்து சுருங்காது. முழுப்பலகை அப்படியல்ல. மரம் வெட்டிக் காயும்போது, ஈரம் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுருங்கத் தொடங்கும். காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்துக்கேற்ப ஆயுள் முழுதும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

நீளவாக்கில் இந்த மாற்றம் பொருட்படுத்தத் தக்கதல்ல. அகலவாக்கில்தான் அசைவு, அதிலும் ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் வரும் சுருக்கம், மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் வருவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அசைவு குறைந்த மரம் என்று பெயர்பெற்ற தேக்குகூட, பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத் திசையில் 5.8 சதவீதம் சுருங்கும். 600 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பலகையின் ஈரம் பருவத்தோடு 8இலிருந்து 12 சதவீதத்துக்கு ஏறினால், அதன் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடும். அதை நான்கு பக்கமும் திருகாணியால் இறுக்கிக் கட்டியிருந்தால், ஒன்று பலகை வெடிக்கும் அல்லது சட்டம் பிளக்கும்.

ஆகவே பிற்பாடு முழுமரத்தில் மேசை செய்யும்போது, மேற்பலகையைச் சட்டத்தோடு ஒட்டாதீர்கள். நடுவிலுள்ள துளையை வட்டமாகவும், ஓரத்துத் துளைகளை அகலவாக்கில் நீண்ட துவாரங்களாகவும் இட்டு, வாஷரோடு திருகாணி ஏற்றினால் பலகை நடுவில் நிலைத்து இருபுறமும் நகரும். வெட்டுமுகத்தில் பசை நிற்காது என்பதும் இதோடு நினைவில் வைக்கவேண்டியது. நார்க்குழாய்கள் பசையை உறிஞ்சிவிடும். அங்கே கழுந்தும் துளையுமாகவோ (ஒரு துண்டின் முனையில் செதுக்கிய நாக்கை மற்றதன் துளையில் செருகி) மரமுளை அடித்தோதான் இணைக்கவேண்டும்.

வேலைமேசைக்கு அடுத்துப் புத்தகத் தட்டு செய்பவர்கள் ஒன்றை மட்டும் கணக்கிட்டால் போதும். ஒரே எடைக்குத் தட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டு மடங்காகும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் தாங்கிகளுக்கு இடையே 750 மில்லிமீட்டருக்கு மேல் விடவேண்டாம். அல்லது முன்விளிம்பில் ஒரு சட்டத்தை நிமிர்த்தி ஒட்டிவிடுங்கள்.

இயந்திரங்கள் வரும் வேளை

கையால் அறுத்தும் இழைத்தும் பழகிய பிறகு, எந்த வேலை அலுப்பாக இருக்கிறதோ அதற்கான இயந்திரத்தை வாங்குங்கள். பெரும்பாலானோர்க்கு அது நேர்க்கட்டையோடு சேர்த்துப் பயன்படுத்தும் வட்ட ரம்பமாகவே இருக்கும். கேரேஜில் காரும் நிற்கவேண்டுமென்றால் டேபிள் சாவுக்கு இடமும் இருக்காது.

டேபிள் சா வாங்குபவர்கள் அதன் உதைப்பைப் புரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்தக்கூடாது. 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4000 சுற்றுகள் சுழலும்போது அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும்; பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழும். அறுபட்ட மரம் நெருங்கி மூடி, அல்லது தகட்டுக்கு இணையாக நின்று மரத்தை நேராக வழிநடத்தும் வழிகாட்டிக் கட்டைக்கும் தகட்டுக்கும் இடையே திருகி, பின்பக்கப் பற்களில் மாட்டினால் அது உங்கள் மேலேயே எறியப்படும். தகட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத்தகடு இதைத் தடுப்பதற்காகவே இருக்கிறது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள். குறுக்கே அறுக்கும்போது வழிகாட்டிக் கட்டையையும், மரத்தைக் குறுக்காகப் பிடித்துத் தள்ளும் குறுக்குவெட்டு மட்டத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடாது. தகட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நின்று, குறுகலான துண்டுகளைத் தள்ளுகோலால் மட்டுமே தள்ளுங்கள். தகட்டை மாற்றும் முன் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள்.

தேய்ப்பும் பூச்சும்

உப்புத்தாளை 80, 120, 180, 220 என்ற படிகளில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாளின் கீறல்களை அழிப்பது மட்டுமே; இடையில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல்கள் பூச்சு காய்ந்த பிறகு பளிச்சென்று தெரியும். விளக்கைத் தாழ்வாகப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் படும்படி பார்த்தால் கீறல்களும் ஒட்டியிருக்கும் பசைக் கறையும் முன்கூட்டியே புலப்படும். கையால் தேய்க்கும்போது நாரின் போக்கிலேயே தேய்க்கவேண்டும்.

புதியவர்களுக்குத் துணியால் தேய்த்துப் பூசும் எண்ணெய்ப் பூச்சு எளிது. தாராளமாகப் பூசி, 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுவதும் துடைத்து எடுத்து, மறுநாள் அடுத்த பூச்சு. தண்ணீர் படும் இடங்களுக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ். மெல்லிய பூச்சுகள் மூன்று, இடையிடையே 320 நெம்பர் தாளால் லேசான தேய்ப்பு. பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். ஒருபக்கம் மட்டும் பூசினால் இருபக்கமும் ஈரத்தை வேறுவேறு வேகத்தில் எடுத்து, பலகை குழிந்துவிடும்.

எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கி, நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்பியாவின் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசா, 22ஆம் மாடியில் இப்படி விட்டுவைத்த துணிகளிலிருந்து தீப்பிடித்தது. அதில் தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். வேலை முடிந்ததும் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, திறந்தவெளியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் உலர்த்துங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள். நன்றாக விறைத்துக் காய்ந்த துணியை மட்டுமே குப்பையில் சேர்க்கலாம்.